வலப்பக்கம்

காந்தி வீதி ஞாயிற்றுச் சந்தையில்
மிக்சி ஜாடிகளுக்கும் ஒற்றைக்கால் ஷூவுக்கும் நடுவே கிடந்தது.
சோப்புக்கட்டி அளவு. மூலையில் விரிசல்.
எண்ணூறு சொன்னான், ஐந்நூறுக்குக் கொடுத்தான்.
காசை எண்ணிவிட்டுத்தான் கேட்டான்:
"இது என்னதுக்கா, கேமராவா?"

மெர்லினுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.
அவள் போன் ஹேண்டில்பாரில் நெஞ்சை நிமிர்த்தி நிற்கும்.
நெரிசலைச் சிவப்பில் காட்டும்.
எந்தக் கடைக்கு எத்தனை நட்சத்திரம்,
எத்தனை மணிக்கு ஷட்டர் இறங்கும், எல்லாம் தெரியும்.
வெயில் ஏறினால் மட்டும்
சூடு தாங்கவில்லை என்று கண்ணை மூடிக்கொள்ளும்.
அண்ணன் கூப்பிட்டால்
வழியை மறைத்துக்கொண்டு அண்ணனைக் காட்டும்.

என் பெட்டிக்கு அண்ணனும் இல்லை, கடையும் இல்லை.
வண்டி பேட்டரியில் வாய் வைத்துக் குடிக்கும்.
கையுறையோடு குத்தினாலும் கேட்கும்.
வரைபடம் நின்றுபோய் ஒன்பது வருடம்.
உள்ளே, யாரோ குறித்து வைத்த புள்ளிகள் அப்படியே இருந்தன.
ஆங்கில எழுத்தில் தமிழ்:
நிழல்.
நல்ல டீ.
பஞ்சர், ஞாயிறும் உண்டு.
நாய்.
நாய் 2.
வீடு.

பரங்கிப்பேட்டைக்கு ஐந்தரைக்குக் கிளம்பினோம்.
கிருமாம்பாக்கத்தில் பெட்டி 'டிங்' என்றது. நாய்.
நான் வேகத்தைக் குறைத்தேன். மெர்லின் குறைக்கவில்லை.
வேலியிலிருந்து பாய்ந்து வந்து
அவள் பூட்ஸை அரை பர்லாங் துரத்தியது.
ஒன்பது வருடம். பேரனாக இருக்கும்.
இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை.
"உன் போன் சொல்லலையா?" என்றேன் இண்டர்காமில்.
பதிலுக்கு மூச்சுச் சத்தம்தான் வந்தது.
நாய் 2 வரவே இல்லை.

முள்ளோடைக்கு இந்தப் பக்கமே டாங்கை நிரப்பினோம்,
லிட்டருக்குச் சில ரூபாய் லாபம்,
அந்தப் பக்கம் அதையே டீயாகக் குடித்தோம்.

தென்பெண்ணைப் பாலத்தில் பிடித்தது மழை.
மழைக்கும் விரல் உண்டென்று நம்பிவிட்டது போன்.
துளிக்குத் துளி கீழ்ப்படிந்து
நகர்ந்தது, சுருங்கியது.
பாலம் போனது, கடலூர் போனது,
தமிழ்நாடே ஒரு நகக்கண் அளவாகி,
கடைசியில் நீல உருண்டை ஒன்று
மெதுவாகச் சுற்றியது.
பல்லால் கையுறையைக் கழற்றித் துடைத்துப் பார்த்தாள்.
துடைத்ததையும் அது ஒரு கட்டளையாக எடுத்துக்கொண்டது.

"நீ முன்னால போ."

ஆறு வருடமாகச் சேர்ந்து ஓட்டுகிறோம்,
அவள் வாயில் இதுவே முதல் தடவை.

போனேன். நான்குவழிச் சாலை.
என் பெட்டியில் அப்படி ஒரு சாலையே கிடையாது.
திரையில் என் அம்புக்குறி
ஒரு கோடுமில்லாத வெள்ளையில், வயலின் குறுக்கே,
எண்பதில் போய்க்கொண்டிருக்கிறது.
'முடிந்தால் திரும்பவும்' என்றது ஆங்கிலத்தில்.
முடியாது என்று தெரிந்தும்
நிமிடத்துக்கு ஒரு தடவை.

ஆலப்பாக்கத்தை நெருங்கும்போது மழை விட்டது.
சும்மாதான் அமுக்கினேன், 'வீடு'.
இரண்டு கிலோமீட்டர் என்றது.
எங்கிருந்தோ ஒரு தெரு முளைத்தது திரையில்,
இரண்டு வளைவு, ஒரு குளம், முட்டுச்சந்து.
வெளியே தார். தாருக்கு நடுவே செவ்வரளி.
அறுநூறு மீட்டர்.
இருநூறு.
கட்டம் போட்ட கொடி ஒன்று எழும்பி அசைய,
வந்து சேர்ந்துவிட்டீர்கள், வலப்பக்கம் என்றது.

அதே நொடி, உலர்ந்து உயிர் பிழைத்த மெர்லினின் போன்
ஹெல்மெட்டுக்குள் சொன்னது:
பதினோரு கிலோமீட்டர் நேராகச் செல்லவும்.

நிறுத்த இடமில்லை. பின்னால் மீன் லாரி.
"ஏன் ஸ்லோ ஆயிட்ட?"
"ஒண்ணுமில்ல."

பரங்கிப்பேட்டையில் நண்டு தின்ற கையோடு
பெட்டியை வாங்கிப் பார்த்தாள்.
"இத அழிச்சிட்டு உன் வீட்டப் போட்டுக்கயேன்."
அழிக்கவா என்று அதுவும் கேட்டது.
கை கழுவிட்டு வரேன் என்றேன்,
இருவருக்கும் பொதுவாக.

சாயங்காலம் திரும்பும்போது எதிர்த்தடம்.
வெயில் முதுகுப் பக்கம் சாயாமல் இடப்பக்கம் விழுந்தது.
நான் எதையும் அமுக்கவில்லை, கொடி தானாக எழுந்தது.
போகும்போதும் வலப்பக்கம்.
வரும்போதும் வலப்பக்கம்.

இந்த முறை அவளும் வேகத்தைக் குறைத்திருந்தாள்.
அரளி லாரிக் காற்றில் சாய்ந்து நிமிர்ந்தது.

"யார் வீடுடீ அது?"