ஆறு நடை

சீனக்குடாவில் அது இறங்கியபோது
லொறிக்குள் இருந்தே தலையைக் குனிந்தேன்.
பழக்கம்.
பஸ்மில் சிரிக்கவில்லை,
அவனும் குனிந்திருந்தான்.

வால் பிளந்து சாய்ந்து தரையில் படிந்தது.
உள்ளே ஒரு நெல் ஆலையையே நிறுத்தலாம்.
இருபது தொன் என்றான் பச்சை உடுப்புக்காரன்.
ஜீப்பையும் விழுங்குமாம்,
மண் தரையிலும் இறங்குமாம்,
கடலைத் தாண்ட இரண்டே மணித்தியாலமாம்.

என் லொறி மூன்றரைத் தொன்.
ஆறு நடை, விரலில் கணக்குப் பார்த்தேன்.

எஞ்சினை அவர்கள் நிறுத்தவில்லை.
மாவும் கூடாரமும் தண்ணீர் வடிக்கும் பெட்டிகளும்
உருளைகளில் வழுக்கி வந்தன.
விசிறிக் காற்றில் பஸ்மிலின் தொப்பி
எண்ணெய்த் தாங்கிகள் பக்கம் பறந்தே போய்விட்டது.

இருபது நிமிடம்.
வாலை மூடிக்கொண்டு எழும்பி
கொட்டியாரக் குடாவுக்கு மேலே திரும்பியது.
மூதூர் அதற்கு ஒரு கண்வெட்டு.

எங்களுக்கு,
பாலம் அறுந்த இடம்வரை லொறி,
பிறகு உழவு இயந்திரம்,
பிறகு மீன் மணக்கும் தோணி,
தோணியும் தட்டிய இடத்தில்
இடுப்பளவு வெள்ளம்.

இருட்டில் இரண்டாவது விமானம் இரைந்தது.
கழுத்து தானாகக் குனியப் பார்த்தது.
முடியவில்லை,
தலையில் இருபத்தைந்து கிலோ மா.