கடன் கொடுத்தவள், வரிசை எண் 212

கொசு பேட் நூற்றி எண்பது ரூபாய்.
பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சந்தில்
பெங்காலி எழுதிய லாட்ஜ் போர்டுக்குக் கீழே
தார்ப்பாயில் பரப்பியிருந்தான் பையன்.
கைப்பிடியில் டெல்மோரா.
அதே சாய்ந்த எழுத்து,
ஓவுக்குள் அதே குட்டிச் சூரியன்.
"நல்ல கம்பெனிம்மா" என்றான்.
"தெரியும்" என்றேன்.

பதினோரு வருஷம்
ராணிப்பேட்டை சிப்காட்டில், நான்காவது லைனில்,
பிக்சர் ட்யூப்பின் கழுத்தில் வளையம் திருப்பியவள்.
டிவிக்கு முதுகுப் பக்கம் உட்கார வேண்டும்.
எதிர்ச் சுவரில் கண்ணாடி,
அதில்தான் அதன் முகம்.
சிவப்புக் கோடு ஒரு பக்கம் போகும்
பச்சை இன்னொரு பக்கம்
நீலம் பிடிவாதக்காரி, கடைசியில்தான் வருவாள்.
மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று படுத்து
வெள்ளையானதும்
ஒரு சொட்டு அரக்கு வைத்து அடுத்த பெட்டி.
ஒன்றுக்குத் தொண்ணூறு விநாடி.
மூக்கு அரித்தால் அடுத்த பெட்டிவரை பொறுக்கணும்.

ஆற்காட்டிலிருந்து ஆம்பூர் வரை
சீர் என்றால் கட்டில், பீரோ, டெல்மோரா.
டீலர்கள் மஞ்சள் பையில் முன்பணத்தோடு
கேட்டில் நிற்பார்கள், லாரி கிளம்பும்வரை.
ஆயுத பூஜைக்கு மைக்கில் ஜி.எம். சொன்னார்:
"இனி நமக்கு நாமே போட்டி."
கை தட்டினோம். பொரி நன்றாக இருந்தது.

தட்டையாக ஒன்று வருகிறது என்றார்கள்.
"அதன் தலையில் பூ ஜாடி எங்கே வைப்பான்?"
என்று கேட்டவரும் அவர்தான்.
அன்று அது
நியாயமான கேள்வியாகத்தான் பட்டது எனக்கும்.

அரசு இலவச டிவி கொடுத்தபோது
வரிசையில் நின்று நானும் வாங்கினேன்.
பெட்டியில் வேறு கம்பெனி பெயர்.
ராத்திரி எல்லோரும் தூங்கியபின்
அலமாரிக் கண்ணாடியை எதிரே சாய்த்துவைத்து
பின்மூடியைக் கழற்றினேன்.
ஓரத்தில் நீலம் அரை நூல் விலகியிருந்தது.
சரிசெய்து மூடினேன்.
வீட்டில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

முதலில் கேன்டீனில் முட்டை நின்றது.
பிறகு ராத்திரி ஷிஃப்ட்.
பிறகு குடியாத்தம் பஸ்.
ஒரு திங்கட்கிழமை கேட்டில் ஒட்டியிருந்த நோட்டீசை
எத்திராஜ் உரக்கப் படித்தான்,
"தற்காலிகமாக" என்பதை மட்டும் இரண்டு முறை.

பதினான்கு வருஷமாக வாய்தா.
சத்துவாச்சாரி கோர்ட் வாசலில் எந்த மரம் எந்நேரம்
நிழல் தரும் என்று எங்களைக் கேளுங்கள்.
வக்கீல் ஹபீபுல்லா பட்டியலை நீட்டினார்:
"சட்டப்படி நீங்களெல்லாம்
கம்பெனிக்குக் கடன் கொடுத்தவர்கள்."
நவநீதத்துக்குச் சிரிப்பு அடங்கவில்லை.
"நானா சார்? நானா?"
அவள் கம்மல் அப்போது சேட்டுக் கடையில் இருந்தது.

நிலம் பேங்குக்குப் போனது.
மெஷின் எடைக்குப் போனது.
கண்ணாடிகளை யார் கழற்றினார்களோ.
பெயர் மட்டும் தனியாக ஏலம் போய்
டெல்லிக்காரர் ஒருவர் எடுத்தார்.
பெயரைத் தனியாகக் கழற்ற முடியும் என்று
எங்கள் லைனில் யாருக்கும் சொல்லித்தரவில்லை.
நிலத்தைவிடப் பெயருக்குத்தான் விலை அதிகம்.
இரண்டிலும் 212க்கு
இன்னும் ஒன்றும் வரவில்லை.

பேட்டைத் திருப்பிப் பார்த்தேன்.
வலையின் ஒரு மூலை கோணல்.
"ஆறு மாசம் கேரண்டி."
"யார் தருவாங்க?"
பையன் யோசிக்கவே இல்லை,
சூரியன்மேல் விரலை வைத்தான்.

நூற்றைம்பதுக்கு முடித்தேன்.
பஸ்ஸில் மடியில் நிறுத்திப் பிடித்திருந்ததை
பக்கத்து சீட்டுக் குழந்தை
வீணை என்று நினைத்து மீட்டிப் பார்த்தது.
ஆற்காடு தாண்டி, பாலாற்றுப் பாலத்தில்
நவநீதத்துக்குப் போன் போட்டேன்.
"நம்ம கம்பெனி இப்ப கொசு அடிக்குதுடி."
"இன்னாது?"
"கொசு."
அந்தப் பக்கம் கொஞ்சம் சத்தமில்லை.
"சாவுதா?"
"தெரியல. இன்னும் சார்ஜ் போடல."