பிராகுக்கு எடுத்த விடுப்பு

விசா மறுத்த தாளில்
ஒரே ஒரு கட்டத்தில் டிக் அடித்திருந்தார்கள்:
நீங்கள் திரும்பிப் போவீர்கள் என்று நம்ப முகாந்திரம் இல்லை.
திரவியம் அதை இரண்டு முறை படித்துவிட்டு
கரண்ட் பில் மாதிரி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.
ஒன்பது நாள் விடுப்பு கையெழுத்தாகியிருந்தது.
பூனைக்கு எதிர்வீட்டில் சோறு சொல்லியாகிவிட்டது.
வாங்கிய ஷூவுக்கு நடக்க ஏதாவது ஓர் ஊர் வேண்டும்.

அச்செடுத்த பயணத்திட்டம் நான்கு பக்கம்.
*முதல் நாள்: பழைய நகரம். நடந்தே பார்க்கவும்.
தொலைந்துபோக அஞ்ச வேண்டாம்.*
ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில்
கீழக்கரை வண்டி உறுமிக்கொண்டு நின்றது.
ஏறிவிட்டோம்.

சொன்னபடியே தொலைந்தோம்.
கையை நீட்டினால் இரண்டு வீட்டுச் சுவரும் இடிக்கிற சந்து,
வளைந்து, யோசித்து, இன்னொரு சந்தில் விழுந்தது.
போனில் இருந்த நீலப்புள்ளி
எங்களைக் கடலுக்குள் நிறுத்தியிருந்தது.
கதவிடுக்கில் ஒரு குரல்:
"இங்கிட்டு ஆம்பளைக வர மாட்டாக.
அவுகள அங்கிட்டுச் சுத்திப் போகச் சொல்லுங்க.
நீங்க வாங்க."

அவர் வெயிலில் சுற்றிப் போனார்.
நான் பெண்கள் நடக்கும் சந்து வழியே
நாலு வீட்டுத் தாளிப்பைக் கடந்து போனேன்,
கையில் வாழையிலைத் துண்டில் கருப்பாய் மினுங்கும் தொதலோடு.
கல்பள்ளி வாசலில் அவருக்காக அரை மணி நின்றேன்.
தூணெல்லாம் கல்லில் பூ. கொடி. மறுபடி பூ.
எங்கோ கோயிலில் யாளி செதுக்கிய கைதான் இது,
இங்கே இலையோடு நிறுத்திக்கொண்டிருக்கிறது.
ஆட்டோவுக்குள் கால்நீட்டியிருந்த சீனி நைனா கேட்டார்,
"எந்த ஊரும்மா?"
திருச்சி என்றேன்.
"அங்க பாக்க ஒண்ணும் இல்லையாக்கும்?"

இரண்டாம் நாள் சண்டை.
பிராகு ஹோட்டல் முன்பணம் திரும்ப வராதாம்.
பாம்பன் பாலத்தில் பஸ்ஸில் நின்றுகொண்டே போட்டோம்.
எல்லோரும் இடப்பக்கம் சாய்ந்து ரயில் பாலத்தைப் பார்க்க
நாங்கள் மட்டும் யார் சொல்லி முன்பணம் கட்டினோம்
என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.
கண்டக்டர் சொன்னார்:
"சார், பாலம் முடியப் போவுது. பாத்துக்கங்க."

*நான்காம் நாள்: கோள்களைக் காட்டும் கடிகாரம்.
மணி அடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்பே நிற்கவும்.*
தேவிபட்டினத்தில்
ஒன்பது கோளும் கடலில் கால் நனைத்து நின்றன.
சனிக்கு எள்ளு, வியாழனுக்குக் கொண்டைக்கடலை.
யாரோ கழற்றி விட்ட வேட்டி ஒன்று
ராகுவைச் சுற்றிச் சுற்றி வந்தது.
மணி எதுவும் அடிக்கவில்லை.
நீர் மட்டும் மெல்ல ஏறியது,
செவ்வாயின் இடுப்பு வரை.
திரவியம் கடிகாரத்தைப் பார்த்து, பிறகு பார்க்காமல்,
முழங்கால் தண்ணீரில் நின்றார்.
நான்காம் நாளுக்கு அது போதும் என்று தோன்றியது.

கடைசிப் பக்கத்தில் எதுவும் அச்சாகவில்லை, மை தீர்ந்திருந்தது.
தனுஷ்கோடி முனைக்குப் போனோம்.
இரண்டு பக்கமும் கடல்; ஒன்று தூங்குகிறது, ஒன்று தூங்க விடாது.
பொரித்த மீன் தின்ற எண்ணெய்க் கையோடு நின்றபோது
என் போன் கிர்ரென்றது:
இலங்கைக்கு நல்வரவு.
கட்டணம் நிமிடத்துக்கு இவ்வளவு.

காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார்.
வங்கிக் கணக்குக் கேட்கவில்லை,
சம்பளச் சான்று கேட்கவில்லை,
திரும்புவாயா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.
நின்ற இடத்தில் நின்றபடி என் போன் மட்டும்
நாடு தாண்டிவிட்டது.

"என்னோடது இன்னும் இங்கதான் இருக்கு" என்றார்,
கொஞ்சம் பொறாமையாக,
போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து
மணலில் பத்தடி முன்னால் போனார்.
பிறகு இன்னும் பத்தடி.
பின்னால் ராமேஸ்வரம் வண்டி
இரண்டாம் முறை ஹாரன் அடித்தது.
நான் கூப்பிடவில்லை.