மூன்றாம் நம்பர்

புளியரை தாண்டியதும் ஆரம்பித்துவிட்டது.
மூன்றாம் கியரில் மிதித்தால் ஒரு தயக்கம்,
பிறகு பிடரியில் யாரோ தள்ளியதுபோல் ஒரு வெட்டு.
தொண்ணூற்றேழாம் வருடத்து ஜென்.
பின்சீட்டில், தெர்மோகோல் பெட்டிக்குள்,
புனலூர் கிளினிக்குகளுக்குப் போகும்
பதினொரு பேரின் பல்செட்டுகள்.
ஒவ்வொரு வெட்டுக்கும்
அவை ஒன்றையொன்று கடித்துக்கொண்டன.

செங்கோட்டை மைதீன் பிச்சை, கார்புரேட்டர் என்றார்.
கழற்றிக் கழுவி மாட்டினார். எழுநூறு.
"கேரளா பெட்ரோல் போடாதீங்கம்மா, அதுல தண்ணி."
தென்மலை பேபிச்சன், பிளக் என்றார்.
நாலையும் மாற்றினார்.
"தமிழ்நாட்டிலெ பெட்ரோளா பிரஸ்னம். அதில் வெள்ளமுண்டு."
இருவர் சொன்ன தண்ணீரும் இருக்கத்தான் செய்தது,
டாங்கில் இல்லை, மேலே.

வெயில் நாளில் ஓட்டிக் காட்டினால்
சம்பந்தம் பேச வந்த வீட்டில் உட்கார்ந்ததுபோல் அடக்கமாகப் போகும்.
சாரல் விழுந்தால் திக்கும்.
நோட்டில் குறித்துவைத்தேன்:
தேதி, மழை உண்டா, எத்தனை வெட்டு.
பல்லுக்கு அளவெடுக்கிறவளுக்கு வேறு புத்தி வராது.

ஆனி இருபத்திரண்டு, இரவு எட்டேகால்.
எஸ் வளைவில், பின்னால் வந்த லாரி
ஆரன் அடித்தே என்னை மேலே ஏற்றிவிட்டது.
கோட்டைவாசல். அப்புறம் ஆரியங்காவு செக்போஸ்ட்.
கரண்ட் இல்லை.
ரெயின்கோட்டில் ஒருவர் பதிவேட்டுடன் வந்தார்,
நெஞ்சில் பிரசன்னன் என்று பெயர்.
எதற்கு நிறுத்தினேன் என்று கேட்டார்.
மிஸ்ஸிங், என்றேன்.
எழுதிவிட்டு நிமிர்ந்தார். "ஆரா?"
எஞ்சின்தான் சார். நாலு பேரில் ஒருத்தன்.

பானெட்டைத் தூக்கி, ஓடவிட்டபடியே,
லேப் கையுறை ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று போட்டுக்கொண்டு
ஒவ்வொரு வயராகப் பிடுங்கினேன்.
முதலாவதை எடுத்ததும் எஞ்சின் தள்ளாடியது. மாட்டினேன்.
இரண்டாவதற்கும் தள்ளாடியது.
நான்காவதற்குச் சாகப் பார்த்தது.
மூன்றாவதை எடுத்தபோது
ஒன்றுமே நடக்கவில்லை.
இருந்தபோது என்ன சத்தமோ அதே சத்தம்.
(எங்கள் லேபிலும் ஒருவர் உண்டு. பெயர் வேண்டாம்.)

ஆனால் பிளக் புதுசு. அப்புறம் ஏன்?
பிரசன்னன் உதவிக்கு டார்ச் அடித்தார்.
நல்ல வெள்ளை வெளிச்சம்.
அதில் எல்லாமே சரியாக இருந்தது.
"சார், அத அணைங்க."
"இருட்டத்து எந்து காணானா?"
அணைத்தார்.

கண் பழகக் கொஞ்சம் பிடித்தது.
அப்புறம், மூன்றாவது வயரின் நடுவில்,
ஈரம் ஊறிய மயிரளவுக் கீறலிலிருந்து
ஒரு நீல நூல்
இரும்புக்குத் தாவியது.
டிக். டிக். டிக்.
கடைசி ஸ்டாப்புக்கு டிக்கெட் எடுத்த நெருப்பு
நடுவழியில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.
"அம்போ," என்றார் பிரசன்னன், மெதுவாக,
குளத்தில் மீனைக் காட்டுகிறவர்போல.

எஞ்சினை அணைத்துத் துடைத்தேன்.
பையில் அச்செடுக்கும் சிலிக்கான் புட்டி இருந்தது.
நீலத்தையும் வெள்ளையையும் சேர்த்துப் பிசைந்து
கீறலைச் சுற்றி அப்பி, நாலு நிமிடம் பிடித்தேன்.
வாயை ஆட்டாதீங்க என்று சொல்ல
ஆள்தான் இல்லை.

இனித் தென்மலைவரை இறக்கம்.
இறக்கத்தில் எந்த வண்டியும் நல்ல வண்டி.
திருப்பிக்கொண்டு எஸ் வளைவின் அடிவரை போனேன்,
திரும்ப ஏறினேன்:
மூன்றாம் கியர், முழு மிதி, கொட்டுகிற மழை.
பெட்டிக்குள் பதினொரு வாய்களும்
பேசாமல் வந்தன.

பதிவேட்டில் என் நம்பர் மூன்று தடவை.
வந்தது, போனது, வந்தது.
காரணம் என்ற கட்டத்தில்
முதலில் எழுதிய மிஸ்ஸிங்கைப் பிரசன்னன் அடிக்கவில்லை.
டார்ச்சைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு
பக்கத்தில் ஒரு சொல் சேர்த்தார்:
கிட்டி.