ஆறு

வட்டக்கானலிலேயே பிடித்துக்கொண்டது மழை.
பரமன் எங்களை வரிசையாக நிறுத்தித்
தலைக்கு ஓர் எண் கொடுத்தார்.
“மூட்டம் எறங்குனா முன்னாடி போற முதுகு தெரியாது.
நான் சத்தம் குடுத்ததும் ஒண்ணுலேர்ந்து சொல்லுங்க.”
அவர் காலில் செருப்பில்லை.

நான் ஐந்து.
எனக்குப் பின்னால், கடைசியாக, நாகஜோதி.
திண்டுக்கல் கிளையில் இரண்டு வருடமாக
ஒரே மின்விசிறிக்குக் கீழே
பேசாமல் உட்கார்ந்திருப்பவர்கள் நாங்கள்.

எண்பதாயிரம்.
ஜாமீன் கையெழுத்து அவளுடையது.
நான் கட்டவில்லை.
பதினான்கு மாதம் அவள் சம்பளத்தில் பிடித்தார்கள்.
“கட்டிர்றேன்னு சொன்னேனே”
என்பதுதான் நான் அவளிடம் கடைசியாகப் பேசியது.

வெள்ளகவிக்கு இறங்கும் கல்பாதை
குதிரைக் குளம்பு பட்டுப் பட்டுக் குழிந்தது.
ஒவ்வொரு குழியிலும் ஒரு கிண்ணம் வானம், சேறாக.
இருதயராஜின் புது ஷூ வாயைப் பிளந்தது.
வங்கி அடையாள அட்டையின் நாடாவை உருவி
அதைக் கட்டிக்கொண்டான்.
காஜா மைதீனின் பாட்டுப்பெட்டி
பாலித்தீன் பைக்குள் ஒரு பல்லவி வரை தாக்குப்பிடித்து
கரகரத்து அடங்கியது.
யாரும் வருந்தவில்லை.

சோலைக்குள் மழை இரண்டு முறை பெய்தது.
மேகத்திலிருந்து ஒரு முறை,
அது நின்ற பிறகு இலைகளிலிருந்து.

அட்டை கடிப்பது தெரிவதில்லை.
காலுறை சிவந்த பிறகு பார்த்தால்
கருந்திராட்சையாகப் பருத்துத் தொங்குகிறது.
வலிக்காமல் எடுப்பது எப்படி என்று
எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.
நாகஜோதி உப்புமுடிச்சை அவிழ்த்தாள்.
கையில் கொடுத்தால் சண்டை வரும் என்பார்கள்.
ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டு
திரும்பிக்கொண்டாள்.
இனி எங்களுக்கு என்ன புதுச் சண்டை.

பிறகு மூட்டம் இறங்கியது.
முதலில் மரங்களின் தலை, பிறகு இடுப்பு,
பிறகு காஜாவின் மஞ்சள் மழைக்கோட்டு.
என் கையை நீட்டி, இருக்கிறதா என்று பார்த்தேன்.

கீழே எங்கோ பரமன் கத்தினார்:
“ஆறு!”
ஓடை பெருகிப் பாதையை மறித்திருக்கிறது.
எனக்கு அது எண்ணாகத்தான் கேட்டது.

“ஒண்ணு.”
“ரெண்டு.”
மூன்று இருமலாக வந்தது.
“நாலு.”
“அஞ்சு” என்றேன்.

தண்ணீர்ச் சத்தம்.

இன்னொரு தரம் “அஞ்சு” என்றேன்,
ஏதோ எனக்குத்தான் கணக்குத் தவறியதுபோல.

வந்த வழியே ஏறினேன்.
“ஆறு” என்று கூப்பிட்டேன். “ஏ, ஆறு.”
அந்தக் காட்டில் அது யாருடைய பெயரும் இல்லை.
நான்காவது வளைவில், வேரைப் பிடித்துக்கொண்டு,
இரண்டு வருடம் வாய்க்குள் கிடந்து துருவேறியதை
எடுத்தேன்: “நாகு.”

பாறையில் சாய்ந்து
கணுக்காலை நீவிக்கொண்டிருந்தாள்.
“ஏன் நம்பரைச் சொல்லலை?”
“சொன்னேனே” என்றாள்.

ஓடை முட்டிக்கு மேல் ஓடியது.
கயிறு ஒருபக்கம், காஜாவின் கை ஒருபக்கம் என்று
சங்கிலியாகக் கடந்தோம்.
அவள் மணிக்கட்டை நான் பிடித்திருந்தேன்.
கையெழுத்துப் போட்ட அதே கை.
இதை வசனமாக்கிவிடாதே என்று
அந்தக் குளிரிலும் என்னை அதட்டிக்கொண்டேன்.
நடுவில் ஒரு கல் புரண்டது.
அவள் நகம் என் தோலில் இறங்கியது.
அக்கரையில்தான் விட்டாள்.

வெள்ளகவி எல்லையில் ஷூக்களைக் கழற்றச் சொன்னார் பரமன்.
ஊருக்குள் யாரும் காலணி போடுவதில்லை.
ஊறி வெளுத்த பன்னிரண்டு பாதங்கள்,
யாருடையது யாருடையது என்று தெரியாமல்,
டீக்கடை அடுப்பைச் சுற்றி நீண்டன.

“அடுத்த மாசத்துலேர்ந்து
மூவாயிரம் மூவாயிரமா” என்றேன்.
அவள் மழையைப் பார்த்தாள்.
கணுக்காலைப் பார்த்தாள்.

“எழுதிக் குடு.”

பையைத் துழாவினேன்.
பரோட்டா கட்டிய தாள், பேருந்துச் சீட்டு, ஒரு பழைய ரசீது,
எல்லாம் கூழ்.
டம்ளரில் டீ ஆறிக்கொண்டிருந்தது.