ஞாயிறுகளில் மழை இல்லை

முப்பத்தோரு வருடம்
இந்தத் தீவில் ஒரு ஞாயிறுகூட நனைந்ததில்லை.
எலிசெயோ ஒயார்சோவின் பேரேடு அப்படித்தான் சொல்கிறது.
பச்சை அட்டை, பதினேழு தொகுதி,
சாய்ந்த சின்ன எழுத்து,
ஏழு நாளைக்கு ஒருமுறை ஒரு சுழியம்,
பல் விழுந்த இடம்போல.

சிலோயேயில் மழை விருந்தாளி அல்ல, வீட்டு ஆள்.
உருளைக்கிழங்கு வயலில், படகின் வயிற்றில்,
காயவே காயாத கம்பளி உறையில்
முதலில் எழுவதும் அது, கடைசியில் படுப்பதும் அது.
அப்படிப்பட்டது வாரம் ஒருநாள் விடுப்பு எடுத்தால்
ஏனென்று யாராவது கேட்டிருக்க வேண்டும்.

கேட்டார்கள், தலைநகரில்.
சாந்தியாகோவின் எட்டாவது மாடியில்
எண்களைக் கோத்துப் பார்த்த ஒருவர்
முதலில் நம்பவில்லை. பிறகு நம்பினார். பிறகு நிறுவினார்:
அக்கரை மீன் ஆலைகள் ஞாயிறன்று புகைவதில்லை,
புகை இல்லையேல் துளிக்குக் கரு இல்லை,
திங்களன்று கொதிகலன் மூட்டியதும்
இருமடங்கு மாரி.
நாற்பது பக்கம். அழகான வளைகோடுகள்.
நானும் படித்திருக்கிறேன், பரீட்சைக்கு.
இரண்டு மதிப்பெண் கேள்வி. சரியாகவே எழுதினேன்.

பிறகு அதே மழைமானியைப் பார்த்துக்கொள்ள
என்னை இங்கே அனுப்பினார்கள்.

முதல் ஞாயிறு மழை.
இரண்டாம் ஞாயிறும்.
கருவி பழுது என்று எழுதி அனுப்பினேன்.
வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்:
தோளில் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீரைவிட
அந்த நாற்பது பக்கத்தை நம்பினேன்.
புதுக் கருவி வந்தது. அதுவும் நனைந்தது.

ஒயார்சோவின் மகள் ஓதிலியா
மட்டி வேகவைத்தபடியே சிரித்தாள்.
"அப்பா ஞாயிறு அளக்கமாட்டார்.
ஓய்வுநாளில் கடவுளின் தண்ணீரை எண்ணக் கூடாதாம்."
காலியாக விட்டிருக்கலாமே என்றேன்.
"காலி என்றால் சம்பளத்தில் பிடிப்பார்கள்.
சுழியம் போட்டார். அளக்காதது இல்லாததுதானே."
வாய் திறந்த மட்டி ஒன்றை என் தட்டில் வைத்தாள்.
"பொய் மட்டும் சொல்லவே மாட்டார்."

இரண்டு நாள் தண்ணீர் ஒரே குடுவையில்
திங்கள் காலைவரை அவருக்காகக் காத்திருந்திருக்கிறது.
துளி சிந்தாமல் அளந்திருக்கிறார்.
வருடக் கூட்டல் சுத்தம்.
நாள்கள்தாம் பிசகு.

சாந்தியாகோவுக்கு எழுதினேன், எல்லாவற்றையும்,
மட்டியைத் தவிர.
பதில் மரியாதையாக வந்தது:
ஆலைகள் இப்போது ஞாயிறும் ஓடுகின்றன,
ஆகவே ஞாயிறும் பெய்கிறது.
எங்கள் முடிவை உங்கள் அளவீடு உறுதிசெய்கிறது. நன்றி.

கோபத்தில் அன்றிரவே
என் மூன்று வருடப் பேரேட்டை விரித்து உட்கார்ந்தேன்.
அவர்களுக்கு அனுப்ப, வரிக்கு வரி நிரூபிக்க.
அடுப்பில் விறகு இரண்டுமுறை அணைந்தது.
நாலு, எட்டு, பன்னிரண்டு, ஆறு, இருபது.
நாலு, பத்து, எட்டு.
மார்ச் முழுக்க ஓர் ஏழு இல்லை.
மே மாதம் ஓர் ஒன்பது இல்லை.
மூன்று வருட மழையும்
இரட்டைப்படையில்தான் பெய்திருக்கிறது எனக்கு.
எந்தக் கடவுளும் என்னிடம் அப்படிக் கேட்கவில்லை.
விரல்கள் தாமாகச் செய்திருக்கின்றன,
நான் நேர்மையாக இருந்த நேரத்தில்.

கடிதத்தை அனுப்பவில்லை.

இன்று ஞாயிறு. மழை.
மரக்கோயில் மணி காற்றில் பாதிதான் வந்து சேர்கிறது.
குடுவையில் தண்ணீர் நேராக நிற்பதில்லை:
ஓரத்தில் கண்ணாடியைப் பற்றி ஏறுகிறது,
நடுவில் தொய்கிறது.
நின்று பார்த்தால் ஒரு கணக்கு, குனிந்தால் ஒன்று.
சேற்றில் மண்டியிட்டுக் கண்ணை அதன் மட்டத்துக்குக் கொண்டுபோனேன்.
ஒயார்சோ பார்த்திருந்தால் வேறெதையோ நினைத்திருப்பார்.

பதின்மூன்று.
பதினான்காகவும் இருக்கலாம்.
ஒற்றைப்படையை வலிந்து தேடுகிறேனோ என்னவோ.
பேரேட்டில் அதற்கெல்லாம் கட்டம் இல்லை.
பதின்மூன்று என்று போட்டு
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
முட்டி நனைந்தது.