பத்துப் புள்ளிகள்

திபிலீசி, கிள்தானி குடியிருப்பு, எட்டாம் மாடி.
மீட்டர் பதிவேட்டைத் தள்ளிவைத்துவிட்டு
பழைய ரசீதின் பின்புறம் புள்ளி வைக்கிறாள் மக்வாலா.
நாற்பத்தாறு வயதில் தேர்வு.
தேறினால் மீட்டர் படிக்கும் வேலை போய்
குழாய் சோதிக்கும் வேலை,
மாதம் இருநூறு லாரி கூடுதல்.

முதல் கேள்வி நைட்ரஜன்.
ஐந்தும் ஐந்தும் பத்து.
நடுவே மூன்று கோடு, ஆறு செலவு.
மிச்சம் நாலு:
இந்தப் பக்கம் ஒரு ஜோடி, அந்தப் பக்கம் ஒன்று.
தனித்த இரட்டை என்கிறது புத்தகம்.
இரண்டு பேர் இருக்கும்போது அப்புறம் என்ன தனிமை
என்று சிரித்துக்கொண்டே ஒரு மிடறு தேநீர்.

இரண்டாவது கார்பன் மோனாக்சைடு.
நாலும் ஆறும்... மறுபடி பத்து.
ஒரு கோடு போட்டால் கார்பனுக்குப் பற்றவில்லை.
ஆக்சிஜனிடமிருந்து ஒரு ஜோடியை நகர்த்துகிறாள். இன்னும் பற்றவில்லை.
இன்னொன்று.
மூன்று கோடு. இரு ஓரத்திலும் இரண்டிரண்டு புள்ளி.

எழுத்துகளை விரலால் மறைத்தால்
இரண்டும் ஒரே படம்.

ஒன்று இந்த அறை முழுக்க இருக்கிறது,
நெஞ்சுக்குள் போய்
எதையும் தொடாமல் திரும்பி வருகிறது.
மற்றது
கார்பன் பக்கத்து ஜோடியை நீட்டி
ரத்தத்தின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும்.
லேசில் விடாது.

போன பிப்ரவரி. நாலாம் மாடி. தெமுர்.
ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது,
தொலைக்காட்சியும் ஓடிக்கொண்டிருந்தது.
முந்தின வாரம் அவன் மீட்டரைப் படித்தவள் இவள்தான்.
சுழியம், நான்கு, ஏழு, ஒன்று, ஒன்பது.
ஒரு இலக்கம் பிசகவில்லை.
புகைக்குழாயைப் பார்ப்பது அவள் வேலை இல்லை.
அவன் கையில் திணித்த வால்நட்டுகள்
சாவுச் செய்தி வந்த அன்றும் கோட்டுப் பைக்குள் கிடந்தன.

இதைத் தமிழில் எழுதும் எனக்கு ஒன்று உறுத்துகிறது.
எங்கள் மெய்யெழுத்தில் உயிர் வந்தால் புள்ளி போகும்.
அங்கே புள்ளி வந்து
உயிர் போயிருக்கிறது.

மூன்றாம் கேள்வி கந்தக டை ஆக்சைடு. அதை அவள் தொடவில்லை.
டார்ச்சை எடுத்துக்கொண்டு ஆறாம் மாடிக்கு இறங்குகிறாள்.
குளிர்காற்று வருகிறதென்று அங்கே
புகைக்குழாய் வாயில் ஒரு கம்பளிக் காலுறையைத் திணித்திருந்தார்கள்,
செவ்வாய்க்கிழமை பார்த்தாள்.
பார்த்து, இலக்கத்தை எழுதிக்கொண்டு வந்துவிட்டாள்.

மணி பதினொன்றரை.
கதவைப் பாதி திறந்த லாமாரா கேட்கிறாள்:
‘இந்த நேரத்திலா மீட்டர்?’